பதினோரு தகடுகள்

ஏழாவது தகட்டில் ஒரே ஒரு கீறல் மட்டும் போகமாட்டேன் என்று நின்றது. ஆறுச்சாமி அதைத் துவைக்கிற கல்லின்மேல் கிடத்தி, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சாய்வாக இழுத்தார். பிறகு எதிர்ச்சாய்வில் இழுத்தார். குறுக்கும் மறுக்குமாகக் கோடு விழ வேண்டும், வழுவழுவென்று இருந்தால் குமிழி தகட்டைவிட்டுக் கிளம்பாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும் என்று போனில் பார்த்த வீடியோக்காரன் சொல்லியிருந்தான். முப்பது வருஷம் உலோகத்தைப் பளபளப்பாக்கிச் சோறு தின்ற கைக்கு அதைச் சொரசொரப்பாக்குவது அவ்வளவு லேசில் படியவில்லை. கொஞ்சம் அசந்தால் கை பழைய புத்திக்குப் போய் மெருகு போட ஆரம்பித்துவிடுகிறது. உள்ளே கூடத்தில் மூச்சு மெஷின் புஸ்ஸென்று இழுத்து டொக்கென்று விட்டது. ஐந்து எண்ணுவதற்குள் மறுபடியும் புஸ், டொக். இந்த எட்டு மாதமாக அவர் எதைச் செய்தாலும் அந்தச் சத்தத்தின் கணக்கில்தான் செய்கிறார், பல் துலக்குவது உட்பட. உப்புத்தாளும் இப்போது அதற்கேற்றபடிதான் போய் வருகிறது. அந்த மெஷினிலிருந்து கிளம்பும் குழாய் கூடத்தைத் தாண்டிக் கட்டிலுக்குப் போய் மயிலாத்தாளின் மூக்கில் முடிகிறது. கட்டிக்கொண்டு வந்து முப்பத்திரண்டு வருஷமாகிறது அவளை. நுரையீரல் இறுகிப்போய்விட்டது, இனி இளகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் பதினாலு அடி, அதற்கே நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை திருப்பூரில் மகள் சுகன்யாவுக்கு வளைகாப்பு. மகள் கையில் முதல் வளையலைத் தான்தான் போட வேண்டும் என்று மயிலாத்தாள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். இரண்டு காலில் நிற்க முடியாதவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று நினைத்ததும் ஆறுச்சாமிக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. இன்றைக்குத் திங்கள். பதினோரு மணிக்கு உனக்குப் புதுக் காற்று என்று காலையில் காப்பி கொடுக்கும்போது அவளிடம் வாய் விட்டுவிட்டார். அந்த வாயை இப்போது அவரே நொந்துகொண்டிருக்கிறார்.

புதுக் காற்று என்றால் இந்தத் தகடுகளிலிருந்து வருகிற காற்றுதான். உள்ளங்கை அகலத்தில் பதினோரு எவர்சில்வர் தகடு. ஒன்றையொன்று தொடாமல் நடுவில் நைலான் வளையம் போட்டு அடுக்கி, காஸ்டிக் பொட்டாஷ் கரைத்த தண்ணீரில் முக்கிக் கரண்டு கொடுத்தால் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் கிளம்பும், அதை மூக்கில் விட்டால் இறுகின நுரையீரல் இளகும் என்கிறான் வீடியோக்காரன். படுக்கையில் கிடந்த ஒருத்தர் இப்போது சைக்கிள் ஓட்டுகிறாராம். சைக்கிளெல்லாம் வேண்டாம், திருப்பூர் வரைக்கும் காரில் உட்கார்ந்து போய்வந்தால் போதும். டாக்டரிடம் கேட்கலாம் என்று ஒரு நாள் நினைத்தார். டாக்டர் என்றதும் நினைப்பு எங்கே போகும் என்று தெரிந்து அதை அப்படியே விட்டுவிட்டு எட்டாவது தகட்டை எடுத்தார். கையில் ரப்பர் உறை. வெறுங்கை படக் கூடாது, விரலின் எண்ணெய் பட்டால் அந்த இடம் கெட்டது என்று வீடியோக்காரன் அரைமணி நேரம் பாடம் எடுத்திருந்தான், என்னமோ அவன்தான் கண்டுபிடித்த மாதிரி. இதெல்லாம் கணபதி ஏரியாவில் குரோம் முலாம் பூசுகிற பட்டறைக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளே முதுகில் ஒரு அடியோடு சொல்லிக்கொடுப்பது. சைக்கிள் ஹேண்டில்பார், தண்ணீர்க் குழாய்த் திருகு, நாற்காலிக் கால், எதுவானாலும் கையால் தொட்டால் தொட்ட இடத்தில் முலாம் உரியும். முதலில் எண்ணெய் போக ஒரு தொட்டி. அதில் கொஞ்ச நேரம் நேர் கரண்டு, பிறகு ஒயரை மாற்றிப் போட்டு ரிவர்ஸ். ரிவர்ஸ் கொடுத்தால் உலோகத்தின் மேல்தோல் லேசாகக் கழன்று அதோடு அழுக்கும் போய்விடும், பொருள் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி நிற்கும். பிறகு மூன்று தண்ணீர். பிறகு நிக்கல், பிறகு கடைசியாகக் குரோமியத் தொட்டி. அந்தத் தொட்டிமேல் எந்நேரமும் மூடுபனி மாதிரி ஒன்று நிற்கும், கிட்டப் போய்ப் பார்த்தால் பனியில்லை, பொடிப்பொடியான மஞ்சள் துளிகள். அதைச் சுவாசித்து நாலாம் வருஷம் ஆறுச்சாமியின் இரண்டு நாசிக்கும் நடுவே இருக்கிற சுவரில் ஓட்டை விழுந்தது. வலிக்கவில்லை. ஒருநாள் மூக்கைச் சிந்தும்போது விசில் சத்தம் வந்தது, அவ்வளவுதான். குரோமியத் தொட்டியில் நின்றவர்கள் எல்லோருக்கும் அது விழுந்தது. முதலாளிகூடச் சிரித்துக்கொண்டு, ‘குத்தற செலவு மிச்சமப்பா ஆறுச்சாமி, ஒரு புல்லாக்கு வாங்கி மாட்டிக்க’ என்றார். அவரும் சிரித்தார். அன்று சாயங்காலம் வீட்டில் மயிலாத்தாளிடம் சொல்லி அவளையும் சிரிக்க வைத்தார். அதற்கப்புறம் கொஞ்சங்கொஞ்சமாக வாசனை போயிற்று. மல்லிகை போயிற்று, ரசம் போயிற்று, மழை வருகிற வாசனை போயிற்று. பால் தீய்ந்தால் அடுத்த அறையிலிருந்து மயிலாத்தாள்தான் சொல்ல வேண்டும்.

“ஏனுங்க, இன்னைக்குச் சாமிக்கு வெளக்கே வெக்கலீங்களா?” என்று அவள் உள்ளிருந்து கேட்டாள். ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை, சாமிக்கு என்ற இடத்தில் ஒரு புஸ் போய் வந்தது. “இன்னைக்கு வேண்டாம் மயிலு. நெருப்பு ஆகாது” என்றார். “நெருப்பு ஆகாதுன்னா மத்தியானச் சோறு?” “காலைலயே ஆக்கி வெச்சுட்டேன். அடுப்பு கேசையும் மூடிட்டேன்.” தீப்பெட்டியைக்கூட இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார், அதை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு நெருப்புதான் பயம். ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணுக்குத் தெரியாமல் மேலே போய்க் கூரையில் நிற்கும், ஒரு பொறி போதும். வாசனை இருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை என்பது வேறு. அதனால்தான் வீட்டுக்குள் வைக்காமல் பின்கட்டில், திறந்தவெளியில், இந்தத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துச் செய்கிறார். அதனால்தான் காற்று போகிற குழாய்க்கு நடுவில், நெருப்பைத் தடுக்க ஒரு தண்ணீர்ப் பாட்டில். நான்கு நாளாக ராத்திரி கண்ணை மூடினால் கூடத்தில் ஒரு வெளிச்சம் பளீரென்று வந்து போகிறது, எழுந்து போய்ப் பார்த்தால் மெஷினின் பச்சை விளக்கு, அதன் வெளிச்சத்தில் மயிலாத்தாள் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். படுத்தால் மூச்சு முட்டும். மகள் பிறந்த புதிதில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டவள், அவர் வேலை முடித்து வந்து எழுப்பினால்கூட எழ மாட்டாள். போன மாதம் கரண்டு போய் மெஷின் நின்று, மாற்றுக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் திருகு திறக்காமல், அந்த இரண்டு நிமிஷம் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை, பேச முடியாது. வாய் மீன் வாய் மாதிரி திறந்து மூடியது. கண்ணில் கோபம் இல்லை, பயமும் இல்லை, ஏதோ சொல்ல மறந்ததை ஞாபகப்படுத்திப் பார்ப்பவள் மாதிரி இருந்தாள். அந்தப் பார்வைதான் வீடியோக்களைத் தேடவைத்தது. அதைப் பார்த்தவன் எதைத்தான் தேடமாட்டான். ஆறுச்சாமி பத்தாவது தகட்டை முடித்துப் பதினொன்றாவதைத் தூக்கி வெயிலில் பிடித்தார், கோடுகள் பாவாடைத் துணியின் நெசவு மாதிரி சீராக விழுந்திருந்தன, திருப்தியாக இருந்தது.

திருப்தியாக இருக்கிற நேரம் பார்த்துத்தான் அந்த நினைப்பு வரும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, படத்தை வெளிச்சத்தில் மாட்டிவைத்துவிட்டு மயிலாத்தாளிடம் கேட்டாள். “பஞ்சு மில்லுல வேல பாத்திருக்கீங்களாம்மா? கல் குவாரி? வீட்ல புறா, கோழி எதாச்சும் வளத்தினீங்களா?” “இல்லீங்கம்மா. நான் வீட்லயேதானுங்க.” “ரசாயனம் எதாவது பொழங்குவீங்களா?” மயிலாத்தாள் சிரித்தாள். “சோப்புத் தூளுதானுங்க.” டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன வேல பாக்கறீங்க?” “இப்பச் சும்மாதானுங்க இருக்கறேன்” என்றார் ஆறுச்சாமி. பொய்யில்லை. பட்டறையை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது என்று கேட்டால் சும்மாதான். டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அந்த எழுத்து அவர் நின்ற இடத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தது, ஹவுஸ்ஒய்ஃப் என்று இருந்தது. அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தீங்க என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை, அதற்கு அவர் என்ன செய்வார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க என்றே அவள் சொல்லியிருக்கலாம், யார் கண்டது. அப்படிச் சொல்லியிருந்தால் இந்த எட்டு மாதமும் வேறு மாதிரி இருந்திருக்கும். அதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியமில்லாமல் எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் சிலை மாதிரி நின்றாயிற்று. இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு செக்கு மாடாகி அங்கேயே சுற்றும். அப்போது பார்வையை எதன்மேலாவது வைத்துக்கொள்ள வேண்டும். வைத்தார். துவைக்கிற கல்லின்மேல்தான் விழுந்தது. வேறு எங்கே விழும். இந்தக் கல்லில்தான் தினம் காலையில் அவருடைய சட்டை. முந்தின நாள் துளிகள் காய்ந்து, கையும் நெஞ்சும் மொடமொடவென்று அப்பளமாய் நிற்கும் சட்டை. நனைப்பதற்கு முன்னால் அவள் அதை இரண்டு உதறு உதறுவாள், மஞ்சளாகப் பொடி பறக்கும், இரண்டு தும்மல் போடுவாள். சின்னதாய் இருந்தபோது சுகன்யா அந்தத் தும்மலை எண்ணிச் சிரிக்கும். பிறகு வாளியில் முக்கினால் தண்ணீர் மஞ்சளாகும், கருகிய மஞ்சளில்லை, எலுமிச்சம்பழ மஞ்சள், பார்க்க அழகாகவே இருக்கும். முப்பது வருஷம் ஒரு நாளும் அவர் உதறாதே என்று சொன்னதில்லை. தன் மூக்குச் சுவரைத் தின்றது எது என்று தெரிந்தவர், வாசனையில்லாமல் வாழ்ந்தவர், சாயங்காலம் வந்து அந்தச் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். பட்டறையிலேயே கழற்றி அலசிக்கொண்டு வந்திருக்கலாம். குழாய் இருந்தது. களைப்பாக இருந்தது.

அடுக்கி முடித்தபோது பத்து மணி. தகடுகளுக்கு நடுவே நைலான் கம்பியைக் கோத்து முடுக்கி, பெரிய கண்ணாடி ஜாடிக்குள் இறக்கினார். ஆவக்காய் போட்டுவைத்த ஜாடி. இது ஐந்தாம் நாள். தகடு பழக வேண்டும் என்கிறான் வீடியோக்காரன். தினமும் கரண்டு கொடுத்து, மேலே மிதந்து வரும் கசண்டை எடுத்து, தகட்டை மறுபடியும் உப்புத்தாள் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு மறுபடியும் கொடுக்க வேண்டும், கசண்டு நின்று தண்ணீர் தெளிந்தே இருக்கிற அன்றைக்குத்தான் தகடு தயார். முதல் மூன்று நாளும் கறுப்பும் பழுப்புமாகக் கோரைக்கிழங்குச் சேறு மாதிரி கிளம்பியது. நேற்றுக் கொஞ்சம்தான். இன்றைக்கு இருக்காது. பட்டறையை மூடும்போது முதலாளி கொடுத்த, வீட்டுக் கரண்டைத் தொட்டிக் கரண்டாக மாற்றுகிற சின்ன ரெக்டிஃபையரின் இரண்டு ஒயரையும் மாட்டி, திருகைத் திருப்பினார். தகடுகளுக்கு நடுவிலிருந்து வெள்ளையாகப் பொங்கிக்கொண்டு குமிழி எழுந்தது, நேற்றைவிட நன்றாக, கல்யாண வீட்டுப் பால் மாதிரி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒயர்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். ரிவர்ஸ். இதை அவர் யோசித்துச் செய்யவில்லை, மூன்று நாளைக்கு முன்னால் கை தானாகச் செய்தது, அதற்கப்புறம் தினமும் செய்கிறது. ‘ஒரு பக்கம் குடுத்தா அதே பக்கந்தாங்க, கடைசி வரைக்கும் ஒயர மாத்திப்போடாதீங்க’ என்று வீடியோவில் இரண்டு தடவை சொல்லியிருந்தான். அவனுக்கு என்ன தெரியும். வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டு பேசுகிறவன். ரிவர்ஸ் கொடுக்காமல் எந்தத் தகடு சுத்தமாயிற்று? திருகை இன்னும் கொஞ்சம் கூட்டினார். மணி பத்தரை. வெள்ளிக்கிழமை காலையில் ஏழு மணிக்குக் கார் வரச் சொல்ல வேண்டும். முன்சீட்டில் அவள், மடியில் வளையல் பெட்டி. பச்சைக் கண்ணாடி வளையல், நான்கு டஜன், பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லி வாங்கி வைத்து ஒரு மாதமாகிறது, பெட்டியை ராத்திரி எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறாள். மூக்கில் இந்தக் குழாய் இல்லாமல், மகள் முன்னால் மணையருகில் நின்று, இரண்டு கையையும் தூக்கிச் சந்தனம் பூசுவாள். மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள். அப்போது அவர் வாசலில் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார், உள்ளே வளையல் சத்தம் கேட்கும், அதில் எது அவள் போட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு சத்தம் கேட்டுவிட்டால் போதும், டாக்டரம்மா கேட்டதும் இவர் சொன்னதும் ஒன்றுமில்லாமல் போய்விடும். இளகிவிட்டால் பிறகு எதனால் இறுகியது என்று யார் கேட்கப்போகிறார்கள். “ஏனுங்க, ஆச்சுங்களா?” என்றாள் உள்ளிருந்து. “ஆச்சு ஆச்சு. கசண்டே இல்ல மயிலு, சுத்தமா வந்திருச்சு” என்றார். சந்தோஷமாகவே சொன்னார். கரண்டை நிறுத்திவிட்டு, குமிழி அடங்கட்டும் என்று கால் நீட்டி உட்கார்ந்தார்.

குமிழி அடங்கியது. ஜாடிக்குள் வெள்ளை போய்த் தண்ணீர் தெரிந்தது. கசண்டு உண்மையிலேயே ஒரு துளி இல்லை. தண்ணீர் மஞ்சளாக இருந்தது. வெயில் பட்டு அப்படித் தெரிகிறது என்று ஜாடியை நிழலுக்குத் தள்ளிவைத்தார், நிழலிலும் மஞ்சளாக இருந்தது. ஆவக்காய் ஜாடி, எத்தனை கழுவினாலும் மஞ்சள் தூள் கண்ணாடியில் ஏறியிருக்கும். அப்படியென்றால் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் சேறுதான் தெரிந்தது. சேற்றுக்கு அடியில் என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள். துரு. துரு என்றால் செம்பழுப்பாக இருக்கும், அடியில் தங்கும், இது அடியிலிருந்து மேல்வரை ஒரே சீராக நிற்கிறது. காப்பி ஆற்றுகிற வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைக் கொண்டுவந்து, கரண்டியால் கொஞ்சம் எடுத்து அதில் விட்டுப் பார்த்தார். பட்டறையில் மூன்றாவது தண்ணீர்த் தொட்டியை இப்படித்தான் பார்ப்பார்கள், வெள்ளைக் கிண்ணத்தில், குரோமியம் தள்ளிக்கொண்டு வருகிறதா என்று. கிண்ணத்தில் எலுமிச்சம்பழ மஞ்சள். இந்த மஞ்சளை உலகத்தில் வேறு எதனோடும் அவர் குழப்பிக்கொள்ள மாட்டார், தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் தெரியும். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே அதற்குள் குரோமியம் கலந்திருப்பதால்தான். சமையல்கட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆறுச்சாமிக்குத் தெரியாதா. மேல்தோலைக் கழற்றத்தான் ரிவர்ஸ். கழற்றினார். கழன்றது. தினமும் கழற்றியிருக்கிறார், சேறு மறைத்துக்கொண்டிருந்தது, இன்று சேறு நின்றதும் தெரிகிறது. அவன் ஒயரை மாற்றாதே என்றான், மாற்றாவிட்டால் குறைவாக வரும், வராமல் போகாது, தகட்டில் இருப்பதுதானே வரும். குமிழி உடைகிற இடத்தில் பொடித்துளி பறக்கும். தண்ணீர்ப் பாட்டில் எவ்வளவு பிடிக்கும். குழாயின் மறுமுனை எங்கே போகவிருந்தது என்பதை நினைக்க வேண்டாம் என்று பார்த்தார், முடியவில்லை. இன்னும் பத்து நிமிஷத்தில். அவர் கையாலேயே மாட்டிவிட்டு, எப்படி இருக்குது மயிலு என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பார். அவளும் நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்லியிருப்பாள். தீப்பெட்டியைப் பூட்டி வைத்தவருடைய புத்தியை நினைத்து அவருக்கு அருவருப்பாக வந்தது. ஒருவேளை சாயங்காலம் இதையே செய்திருந்தால், வெளிச்சம் குறைவாக இருந்திருந்தால், கண்ணாடி ஜாடிக்குப் பதில் பிளாஸ்டிக் வாளியாக இருந்திருந்தால். புஸ், டொக். அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பின்கதவில் நிழல் விழுந்தது. மயிலாத்தாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், குழாய் பின்னால் விறைத்து நீண்டிருந்தது, அதற்கு மேல் ஒரு அடி வைக்க முடியாது. தலை வாரியிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். இதற்காகக் காலையிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் கட்டியிருக்க வேண்டும். “எந்திரிச்சு ஏன் வந்தே?” என்றார். “பதினொண்ணு ஆச்சுங்களே” என்றாள். மூச்சு வாங்க நின்றுவிட்டு, கல்லின்மேல் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது, தெரிந்தவர்களைச் சந்தையில் பார்த்த மாதிரி. “உங்க சட்டத் தண்ணி மாதிரியே இருக்குதுங்க” என்றாள். “மூணு தண்ணி அலசுனாப் போயிருமுங்க. மொதத் தண்ணி இப்பிடித்தான் வரும். ரெண்டாவது வெளுத்திரும். மூணாவதுல பாத்தீங்கன்னா…” அதற்கு மேல் மூச்சு எட்டவில்லை, மூன்றாவது தண்ணீர் தெளிந்துவிடும் என்று கையை விரித்துக் காட்டினாள். “இது போகாது மயிலு.” “போகுமுங்க. முப்பது வருசம் போக்குனேனில்ல.” அந்த வார்த்தை போய் எங்கே முட்ட வேண்டுமோ அங்கே முட்டியது. ஆறுச்சாமி ரப்பர் உறையைக் கழற்றினார். ஒரு விரல், இரண்டு விரல், மெதுவாகக் கழற்றினார், கழற்றி முடித்தால் பேச வேண்டும். “அன்னைக்கு டாக்டரம்மா கேட்டாங்கல்ல, நான் என்ன வேலைன்னு” என்றார். “ஆமாங்க.” “சும்மா இருக்கறேன்னு சொன்னேன்.” “சும்மாதான இருக்கறீங்க.” “குரோமியத் தொட்டீல நின்னேன்னு சொல்லியிருக்கோணும். என்ற சட்டைய நீதான் தொவச்சேன்னு சொல்லியிருக்கோணும். என்ற மூக்கத் தின்னதும் இதேதான், மயிலு. இந்த மஞ்சளுதான். நீ ஒதறி ஒதறித் தும்முவியே, அது பூராவும் இதுதான். எனக்குத் தெரியும். அப்பவே தெரியும். ஒரு நாளு சொல்லல. இப்ப இதையே மறுக்கா உன்ற மூக்குல விடப் பாத்தேன்.” சொல்லிவிட்டார். சொன்னால் நெஞ்சு லேசாகிவிடும் என்று எட்டு மாதமாக ஒரு நினைப்பு இருந்தது, அப்படி ஒன்றும் ஆகவில்லை. மெஷின் உள்ளே இழுத்துவிட்டது, நிலைப்படியில் அவள் மார்பு அதோடு ஏறி இறங்கியது. அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், கல்லின் தேய்ந்த பள்ளத்தைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

“வெள்ளிக்கெழம நீங்க மட்டும் போயிட்டு வாங்க” என்றாள். “மொத வளைய எங்கக்காளப் போடச் சொல்லுங்க.” “மயிலு” என்றார். “சுகன்யாகிட்ட இந்தப் பேச்செல்லாம் எடுக்காதீங்க. மாசமா இருக்கற புள்ள.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவர் எழுந்து பிடிக்கப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டினாள், சுவரைப் பிடித்துத் தானாகவே திரும்பினாள். ஓரடி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், “அதக் கல்லுல மட்டும் ஊத்திப்போடாதீங்க” என்றாள். பதினோரு தகடும் ஜாடிக்குள் வரிசையாக நின்றன, ஒன்றையொன்று தொடாமல், கோடு கலையாமல், அவர் கை பட்ட வேலையில் இவ்வளவு சீராக வந்தது வேறு எதுவுமில்லை. ஜாடிக்கு மூடி போட்டுத் திருகி, மூடிமேல் துணியைக் கட்டி, சுவரோரம் வைத்தார். எங்கே கொண்டுபோய் ஊற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சாக்கடை முன்வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது, மரத்தடியில் ஊற்றினால் மரம் போகும். கட்டில் கிரீச்சென்றது, அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். “வளையப் பொட்டிய எடுத்துக் குடுங்க” என்று உள்ளிருந்து குரல் வந்தது, அழுத குரலா என்று காதைத் தீட்டிக் கேட்டார், மெஷின் சத்தத்தில் தெரியவில்லை. “தூசி ஏறிக் கெடக்கும். ஒண்ணொண்ணாத் தொடச்சு வெக்கறேன். கையக் கழுவிட்டு எடுங்க.” ஆறுச்சாமி குழாயடியில் குந்தி, ஒரு சொட்டும் கல்லில் தெறிக்காதபடி காலி வாளியின்மேல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கழுவினார். ஒரு தண்ணி ஊற்றினார். இரண்டாவது ஊற்றினார். மூன்றாவதை ஊற்றிவிட்டு இரண்டு கையையும் விரித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. சொம்பை மறுபடியும் முக்கி நாலாவது தண்ணி எடுத்தார்.